இறந்த மூளையிலிருந்து இரத்தத் துளிக்கு

1901 நவம்பரில் பிராங்க்ஃபர்ட் மனநல மருத்துவமனையில் 51 வயது அகுஸ்தே டேட்டர் சேர்க்கப்பட்டார். மருத்துவர் அலாய்ஸ் அல்சைமர் பெயர் கேட்டதற்கு ‘அகுஸ்தே’ என்றார். கணவர் பெயருக்கும் அதே பதில்தான். 1906-ல் அகுஸ்தே இறந்தபின், மூளைச் சீவல்களில் வெள்ளிச் சாயம் ஏற்றிப் பார்த்தபோது திட்டுகளும் நரம்பணுக்களுக்குள் இழைமுடிச்சுகளும் தெரிந்தன. நோயாளி இறந்தால்தான் அல்சைமர் நோய் உறுதியாகும் என்ற விநோத நிலை பல பத்தாண்டுகள் நீடித்தது.

திட்டு அமிலாய்டு பீட்டா என்பதும் முடிச்சு டௌ புரதம் என்பதும் 1980-களில் தெளிவாயின. பிறகு, முதுகில் ஊசி குத்தி எடுத்த தண்டுவட நீரில் அவற்றை அளந்தார்கள். யார்தான் விரும்பி முதுகைக் காட்டுவார்? இரத்தத்திலோ அவை மிகச் சொற்பம்: ஒரு மில்லிலிட்டருக்கு, கிராமை லட்சம் கோடியாகப் பிரித்தால் வரும் துணுக்குகளில் சில. அவற்றைப் பிடிக்கும் நுண்முறைகள் 2010 வாக்கில்தான் வந்தன.

2020-ல் சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், இரத்தத்திலுள்ள, பாஸ்பேட் ஏறிய டௌ-217 என்ற டௌ வடிவம் அல்சைமரை மற்ற மூளைச் சிதைவு நோய்களிலிருந்து பிரித்துக் காட்டுவதை வெளியிட்டனர். அவற்றில் ஒன்றான, முன்மூளை மடல் சிதையும் மறதிநோயில் இரத்தத்தில் நரம்பிழைப் புரதம் வெகுவாக உயரும். ஆனால் நரம்பு எதனால் சேதமுற்றாலும் அது உயரும், தனியே நம்ப முடியாது. 2025 மே மாதம் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அல்சைமருக்கான முதல் இரத்தப் பரிசோதனையை அனுமதித்தது. அறிகுறி உள்ள, 55 வயது நிரம்பியவர்களுக்கு மட்டும்.