செவிமடுக்கப் பயிற்சி

விளாங்குடியில் காலை எட்டு மணியளவில் திண்டுக்கல் சாலையோரம் நிற்பவர், நூல்களை மார்போடு அணைத்தபடி கல்லூரிக்கு விரையும் மாணவியரைக் காணலாம். 1953இல் தொடங்கப்பெற்ற பாத்திமா கல்லூரி இச்சாலையில்தான் இருக்கிறது. இப்பிள்ளைகளைக் காணும்போதெல்லாம் ஒரு மாணவன் என் நினைவில் வந்து நிற்கிறான்.

பல ஆண்டுகளுக்கு முன், வேறொரு பங்கில் நான் பணியாற்றியபோது, ஓர் இரவு அவன் வந்தான். "தூக்கமே வரவில்லை சாமி, படிப்பும் ஏறவில்லை" என்றான். நான் அரைமணி நேரம் அறிவுரை கூறி, ஆசீர்வதித்து அனுப்பினேன். மறுமாதம் அவன் படிப்பையே விட்டுவிட்டான் என்று அறிந்தேன். அவன் பேச வந்தான், பேசியவனோ நான். இறையியலை ஆண்டுக்கணக்கில் கற்ற எனக்குச் செவிமடுக்கத் தெரியவில்லை.

செவிமடுத்தலையும் கற்றுத்தான் ஆகவேண்டுமோ? ஆம் என்கிறது திருச்சபை வரலாறு. 1215இல் கூடிய நான்காம் இலாத்தரன் பொதுச்சங்கம், ஆண்டுக்கொருமுறையேனும் பாவ அறிக்கை செய்ய வேண்டும் என விதித்தபோதே, குருவானவர் தேர்ந்த மருத்துவரைப் போல் சூழ்நிலைகளைக் கேட்டறிந்து மருந்திட வேண்டும் எனப் பணித்தது. 1563இல் திரிதெந்தின் பொதுச்சங்கம் இன்னும் ஒருபடி மேலே சென்றது. பங்குப் பொறுப்பு இல்லாத குரு, ஆயரால் தகுதியுடையவர் என ஏற்கப்பட்டாலன்றிப் பொதுநிலையினரின் பாவ அறிக்கையைக் கேட்கலாகாது என்றது. குருப்பட்டம் ஒன்றே போதுமானதாகக் கருதப்படவில்லை.

இதனையொத்த ஒரு முடிவுக்கு உளவியல் துறையும் பின்னாளில் வந்து சேர்ந்தது. அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில், அறிவாற்றல் மிக்க மாணவர் சிலர் மனக்கலக்கத்தால் படிப்பைக் கைவிடுவது கண்டு, 1910இல் ஒரு மனநலச் சேவை தொடங்கப்பெற்றது. மாணவர்க்கென அமைந்த முதல் மனநலச் சேவையாக வரலாறு இதனையே சுட்டுகிறது. இரண்டாம் உலகப் போருக்குப்பின், 1949இல் போல்டர் நகரில் கூடிய மாநாடு, உளவியலாளர் ஆய்விலும் சிகிச்சையிலும் ஒருங்கே பயிற்சி பெற வேண்டும் என வரையறுத்தது.

அந்நாட்டில் இன்று முனைவர் பட்டம் பெற்றவர் பலர், அதன்பின்னும் ஓராண்டோ ஈராண்டோ பல்கலைக்கழக ஆற்றுப்படுத்தும் மையங்களில் பயிற்சியாளராக அமர்கின்றனர். மாணவர்களை நேரில் சந்திக்கின்றனர். உயிருக்கு ஆபத்து உண்டா எனக் கணிக்கின்றனர். குழுச் சிகிச்சை நடத்துகின்றனர். வாரந்தோறும் மூத்த உளவியலாளர் ஒருவர்முன் அமர்ந்து, தாம் கேட்டதையும் கேட்கத் தவறியதையும் எடுத்துரைக்கின்றனர். மாணவர் இசைந்தால் உரையாடல் பதிவு செய்யப்பட்டு, மேற்பார்வையாளரால் ஆராயப்படுகிறது. இரகசியம் காப்பது அவர்களுக்குக் கடமை. எனினும் உயிருக்கு ஆபத்து நேருமாயின் அதற்கு விலக்கு உண்டு. ஒப்புரவு அருளடையாளத்தின் இரகசியத்திற்கோ அத்தகைய விலக்கு இல்லை. இவ்வேறுபாட்டை நாம் மறத்தலாகாது.

நம் நாட்டின் கதை வேறு. 1916இல் கல்கத்தாப் பல்கலைக்கழகத்திலும், 1943இல் சென்னைப் பல்கலைக்கழகத்திலும் உளவியல் துறைகள் தோன்றின. 1954இல் பெங்களூரில் நிறுவப்பெற்ற அகில இந்திய மனநல நிறுவனம், மறு ஆண்டே மருத்துவ உளவியல் பயிற்சியைத் தொடங்கியது. அதுவே இன்றைய நிம்ஹான்ஸ். 1992ஆம் ஆண்டின் இந்திய மறுவாழ்வுக் குழுமச் சட்டம் மருத்துவ உளவியலாளர்க்குப் பதிவு முறையைக் கொணர்ந்தது. நம் மதுரையில் எம். எஸ். செல்லமுத்து அறக்கட்டளையின் மனநலப் பணி தொடங்கியதும் அதே ஆண்டில்தான். ஆயினும் இப்பயிற்சிகள் பெரும்பாலும் மருத்துவமனையைச் சார்ந்தே வளர்ந்தன. கல்லூரி வளாகத்தையே பயிற்சிக் களமாகக் கொள்ளும் மரபு இங்கு வேரூன்றவில்லை.

அதன் இழப்பு சிறிதன்று. 2022இல் மட்டும் 13,044 மாணவர்கள் தம் உயிரை மாய்த்துக்கொண்டனர் எனத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் பதிவு செய்துள்ளது. 2025 ஜூலை 25 அன்று உச்ச நீதிமன்றம், நூறு அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர் பயிலும் கல்வி நிறுவனம் ஒவ்வொன்றும் தகுதிபெற்ற ஆற்றுப்படுத்துநர், உளவியலாளர், சமூகப் பணியாளர் ஆகியோருள் ஒருவரையேனும் நியமிக்க வேண்டும் என வழிகாட்டியது.

நம் மறைமாவட்டங்களும் துறவற சபைகளும் எத்தனையோ பள்ளி, கல்லூரிகளை நடத்துகின்றன. ஒரு வாரப் பயிலரங்கை முடித்த ஆசிரியருக்கு அப்பெயர்ப் பலகையைக் கொடுத்துவிட்டால், ஆணை நிறைவேறியதாகக் கணக்குக் காட்டலாம். ஆனால் பிள்ளை தனியாகவே நிற்கும். ஆகவே பெற்றோரே, "உங்கள் கல்லூரியில் ஆற்றுப்படுத்துநர் இருக்கிறாரா?" என்பதோடு நில்லாதீர்கள். "அவர் யாரிடம் பயின்றார்? இன்று அவருடைய பணியை மேற்பார்வையிடுபவர் யார்?" என்றும் கேளுங்கள்.

என்னிடம் வந்த அம்மாணவன் இப்போது எங்கிருக்கிறானோ, அறியேன். அதன்பின் யாரேனும் துயரத்தோடு என் வாசலுக்கு வந்தால், முதலில் வாய்மூடி அமர்கிறேன். என் அறிவுக்கு எட்டாதது எனத் தோன்றினால், பயிற்சி பெற்றவரிடம் நானே உடன் அழைத்துச் செல்கிறேன். 14416 என்னும் அரசின் மனநல உதவி எண்ணை அறிவிப்புப் பலகையில் எழுதி வைத்திருக்கிறேன்.