ஃபன்னி கேம்ஸ் (1997 திரைப்படம்)

ஃபன்னி கேம்ஸ், ஆஸ்திரிய இயக்குநர் மிக்கேல் ஹானெகெ எழுதி இயக்கிய ஜெர்மன் மொழித் திகில் படம். ஏரிக்கரை விடுமுறை இல்லத்துக்கு வரும் ஒரு குடும்பத்தை இரண்டு இளைஞர்கள் சிறைப்படுத்தி வதைப்பதே கதை. 1997ஆம் ஆண்டு கான் திரைப்பட விழாவின் போட்டிப் பிரிவில் திரையிடப்பட்டபோது பார்வையாளர்கள் சிலர் பாதியிலேயே வெளியேறினர்.

அன்னா, அவள் கணவன் கேயோர்க், சிறுவன் ஷோர்ஷி, வளர்ப்பு நாய் ஆகியோர் காரில் வருவதோடு படம் தொடங்குகிறது. ஒலிக்கும் இசை யாருடையது என்று கணவனும் மனைவியும் மாறி மாறி ஊகித்து விளையாடுகிறார்கள். படத்தின் பெயர் திரையில் தோன்றும்போது ஜான் சோர்னின் அலறல் இசை குறுக்கே பாய்கிறது. காரில் இருப்பவர்களின் முகத்தில் சலனமே இல்லை. அது நமக்கு மட்டுமே கேட்கிறது.

வெள்ளைக் கையுறை அணிந்த பீட்டர் நான்கு முட்டை கேட்டு வருகிறான். பேச்சில் அத்தனை பணிவு. முட்டைகள் உடைகின்றன, கைபேசி தண்ணீரில் விழுகிறது. கூட்டாளி பாலும் வந்து சேர்கிறான். தடுக்க முயலும் கேயோர்க்கின் கால் கோல்ஃப் மட்டையால் முறிக்கப்படுகிறது. மறுநாள் காலை ஒன்பது மணிக்குள் மூவரும் இறந்திருப்பார்கள் என்று பால் பந்தயம் கட்டுகிறான். ஏன் இப்படிச் செய்கிறீர்கள் என்ற கேள்விக்குச் சீரழிந்த குடும்பம், போதைப்பழக்கம் என்று ஒவ்வொரு முறையும் வேறு கதை சொல்கிறான். காரணம் தெரிந்துவிட்டால் பார்ப்பவருக்கு ஓர் ஆறுதல் கிடைக்கும். அதைத் தர ஹானெகெ மறுக்கிறார்.

துப்பாக்கிச் சூடுகளில் நாம் நேராகப் பார்ப்பது ஒன்றே ஒன்று. சிறுவன் சுடப்படும்போது கேமரா அடுக்களையில் உணவு தயாரிக்கும் பாலிடமே நிற்கிறது. வெடிச்சத்தம் மட்டும் வருகிறது. பிறகு சுமார் பத்து நிமிடம் நீளும், வெட்டே இல்லாத ஒரு காட்சி: தொலைக்காட்சியில் கார்ப் பந்தயம் ஓட, கட்டுண்ட தாய் மெல்ல எழ முயல்கிறாள். வழக்கமான திகில் படங்கள் ஒரு சாவைக் காட்டிவிட்டு அடுத்ததற்கு ஓடிவிடும். துக்கத்துக்கு இவ்வளவு நேரம் ஒதுக்கியதுதான் இப்படத்தின் மிகப் பெரிய சாதனை.

நேராகப் பார்க்கும் அந்த ஒரே சூடு, அன்னா பீட்டரைச் சுடுவது. உடனே பால் ரிமோட்டை எடுத்துப் படத்தையே பின்னோக்கி ஓட்டி அதை இல்லாமல் செய்துவிடுகிறான். முன்பே கேமராவைப் பார்த்துக் கண்ணடித்தவன், நீங்கள் யார் பக்கம் என்று நம்மிடம் கேட்டவன் அவன். பீட்டர் விழுந்தபோது மகிழ்ந்த பார்வையாளர், கொலை ஒன்றுக்குத் தாமும் கைதட்டியதை உணரும் இடம் இது. தொடக்கத்தில் படகில் தவறி விழும் கத்தி கடைசியில் உதவும் என்று காத்திருப்பவர்களுக்கும் ஏமாற்றமே.

அன்னாவாக சூசனே லோதாரும் கேயோர்க்காக உல்ரிஹ் மூஹேயும் நடித்தனர். இருவரும் வாழ்க்கையிலும் தம்பதியராக இருந்தவர்கள். பாலாக நடித்த ஆர்னோ ஃபிரிஷ், ஹானெகெயின் ‘பென்னியின் வீடியோ’ (1992) படத்தில் கொலைகாரச் சிறுவனாக வந்தவர்.

தாம் மனத்தில் வைத்திருந்த அமெரிக்கப் பார்வையாளர்களை ஜெர்மன் படம் எட்டவில்லை என்பதால், ஹானெகெ 2007இல் நவோமி வாட்ஸ், டிம் ராத் நடிப்பில் அதையே ஏறத்தாழக் காட்சிக்குக் காட்சி ஆங்கிலத்தில் மீண்டும் எடுத்தார். வாட்ஸ் குறை வைக்கவில்லை. ஆனால் அறிமுகமான நட்சத்திர முகம் திரையில் இருக்கும்போது, இவள் தப்பித்துவிடுவாள் என்ற நம்பிக்கை பார்ப்பவரிடம் ஒட்டிக்கொள்கிறது. லோதாரைப் பார்க்கையில் அந்தப் பிடிமானம் கிடைப்பதில்லை.