மருந்து வரும் வாயிலை அடைத்த புழு

துளையிட்ட காகித நாடாக்களைக் கொண்டு கணிப்பொறிகளுக்குக் கட்டளை தந்த காலம் ஒன்று இருந்தது. 1944-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இயங்கத் தொடங்கிய மார்க் 1 என்னும் பெரும் பொறி அத்தகையதே. நாடாவில் ஒரு துளை தவறாக விழுந்துவிட்டால், அவ்விடத்தில் சிறு காகிதத் துண்டை ஒட்டித் துளையை மூடுவர். கிழிந்த வேட்டிக்கு ஒட்டுப் போடுவது போன்ற வேலைதான். நாடாக்கள் மறைந்தன, பெயர் மட்டும் நிலைத்தது. இன்று இணையத்தின் வழியே நம் பொறிகள் பெற்றுக்கொள்ளும் திருத்தங்களையும் ‘பேட்ச்’, அதாவது ஒட்டு, என்றே வழங்குகின்றனர்.

அத்திருத்தம் வந்து சேராமற்போனால் அதற்கு என்ன பொருள்? வட்டில் இடம் இல்லாதிருக்கலாம், பொறியின் கடிகாரம் தவறான ஆண்டைக் காட்டலாம், இணைப்பே அறுந்திருக்கலாம். பெரும்பாலும் காரணம் இவ்வளவு எளியதே. ஆயினும், மருந்து உள்ளே வரவொட்டாமல் நோயே கதவைத் தாழிட்டுக்கொண்ட காலமும் உண்டு. அவ்வரலாற்றையே இங்குக் காண்போம்.

அத்தகைய முயற்சி ஒன்று 2003-இல் நிகழ்ந்தது. அவ்வாண்டு ஜூலை 16-ஆம் நாள் மைக்ரோசாப்ட் நிறுவனம் விண்டோஸில் இருந்த ஓர் ஓட்டைக்குத் திருத்தம் வெளியிட்டது. ஒரு மாதம் நிறைவதற்குள், ஆகஸ்ட் 11-இல், பிளாஸ்டர் என்னும் புழு அவ்வோட்டை வழியே பரவிற்று. பிறர் துணையின்றித் தானே பொறிக்குப் பொறி தாவும் நச்சு நிரலையே புழு என்கிறோம். பீடிக்கப்பட்ட பொறிகள் அனைத்தும் ஆகஸ்ட் 16 முதல் திருத்தம் வழங்கும் முகவரியை ஒருசேரத் தாக்க வேண்டும் என்பது அதன் ஏற்பாடு. ஆனால் அதில் எழுதப்பட்டிருந்ததோ உண்மை முகவரிக்கு வழிகாட்டும் துணைப் பெயர்தான். நிறுவனத்தார் அப்பெயரை நீக்கிவிட, தாக்குதல் இலக்கின்றி ஓய்ந்தது. இடையில், பிளாஸ்டரை அழித்துத் திருத்தத்தையும் தானே இறக்கி வைக்கும் ‘நல்ல புழு’ ஒன்றை யாரோ ஏவிவிட்டனர். அதன் ஓட்டத்தால் வலைப்பின்னல்களே நெரிசலில் திணறின. கேளாமல் வீடு புகுந்த வைத்தியர் செய்யும் உபகாரம் அவ்வளவே!

ஐந்து ஆண்டுகளுக்குப் பின் வந்த கான்பிக்கர் புழு மிக்க நுட்பமுடையது. 2008 அக்டோபர் 23-இல் மைக்ரோசாப்ட் வழக்கமான நாளுக்குக் காத்திராமல் அவசரத் திருத்தம் ஒன்றை வெளியிட்டது. நவம்பரில் புழு தோன்றிவிட்டது. டிசம்பர் இறுதியில் கிளம்பிய அதன் இரண்டாம் வடிவம் பென் டிரைவ் வழியாகவும், எளிதில் ஊகிக்கத்தக்க கடவுச்சொற்கள் வழியாகவும் பரவிற்று. ஊரிலுள்ளோர்க்குப் படம் அனுப்பவும் விண்ணப்பம் அச்சிடவும் பிரௌசிங் சென்டரை நாடி, ஒருவர் செருகிய பொறியிலேயே அடுத்தவரும் பென் டிரைவைச் செருகிய நாட்கள் அவை. மிகுதியாகப் பீடிக்கப்பட்ட நாடுகளுள் நம் நாடும் ஒன்றாயிற்று.

உள்ளே புகுந்ததும் அது செய்த முதல் வேலைகளைக் கவனிக்க வேண்டும். தானாகத் திருத்தம் பெறும் ஏற்பாட்டை நிறுத்தியது. பாதுகாப்பு நிறுவனங்களின் பெயரோ மைக்ரோசாப்டின் பெயரோ கொண்ட முகவரிகளைத் தேடினால் கிட்டாதபடி செய்தது. செய்தித்தாளும் கிரிக்கெட்டும் தடையின்றித் திறக்கும். மருந்துக்கடை மட்டும் திறவாது. மேலும், தான் நுழைந்த ஓட்டையை நினைவகத்தில் தானே அடைத்துக்கொண்டது. வேறு புழு பங்குக்கு வந்துவிடக் கூடாதல்லவா!

இத்தந்திரமே அதைக் காட்டிக்கொடுத்தது. புழு போட்ட ஒட்டு, நிறுவனம் போட்ட ஒட்டினைப் போல் விடையளிக்கவில்லை என்பதை ஜெர்மனியின் பான் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பெலிக்ஸ் லேடரும் டில்மன் வெர்னரும் 2009 மார்ச் இறுதியில் கண்டறிந்தனர். அதன் பயனாக, ஒரு வலைப்பின்னலில் எப்பொறி நோயுற்றது என்று வெளியிலிருந்தே சோதிக்க முடிந்தது.

வீட்டிலிருப்போர்க்கு இதனினும் எளிய சோதனை கிடைத்தது. கண் மருத்துவர் சுவரில் தொங்கவிடும் எழுத்துப் பலகையை ஒத்த ஒரு பக்கத்தை ஜோ ஸ்டூவர்ட் என்னும் ஆய்வாளர் அமைத்தார். அதில் ஆறு படங்கள்: மேல் வரிசை, புழு தடுக்கும் தளங்களிலிருந்து வருவது, கீழ் வரிசை, அது தடுக்காத தளங்களிலிருந்து வருவது. கீழ் வரிசை தெரிந்து மேல் வரிசை தெரியாவிடில் புழு இருக்கிறது என்று ஐயுற வேண்டும். ஒன்றுமே தெரியாவிடில் பழுது இணைப்பில் இருக்கலாம். இவ்வளவு சிக்கனமான நோயறி கருவியை நாம் வேறெங்கும் கண்டதில்லை. நோய் உறுதியானால், தூய பொறியொன்றில் மருந்தையும் திருத்தத்தையும் இறக்கிக் குறுந்தகட்டில் எழுதி எடுத்துச் செல்வதே தக்க வழியாயிற்று. பென் டிரைவில் கொண்டுசென்றால் நோயும் உடன் திரும்பும்.

எதிர்மாறான நிகழ்ச்சியையும் நாம் கண்டோம். 2024 ஜூலை 19, வெள்ளிக்கிழமை காலை, கிரௌட்ஸ்டிரைக் என்னும் காவல் நிறுவனம் அனுப்பிய திருத்தமே பழுதாயிருந்தது. ஏறத்தாழ 85 லட்சம் விண்டோஸ் பொறிகள் நீலத் திரையுடன் முடங்கின. இங்கும் விமான நிலையங்களில் விமானம் ஏறும் அனுமதிச் சீட்டுகளைக் கையால் எழுதித் தந்தனர். பழுதான கோப்பை 78 நிமிடங்களில் திரும்பப் பெற்றும் பயனில்லை. விழுந்த பொறிகளுள் பெரும்பாலானவற்றுக்கு ஓர் ஆள் நேரே சென்று அக்கோப்பை நீக்க வேண்டியிருந்தது. அதில் புழுவும் இல்லை, திருடனும் இல்லை. திருடர்கள் அடுத்துத்தான் வந்தனர். பழுதைச் சீர்செய்யும் கோப்பு என்ற பெயரில் நச்சு நிரல்களைச் சில நாட்களுக்குள் பரப்பலாயினர். அவற்றுள் ஒன்றை அவசரத்தில் திறந்தவரின் பொறிக்கு, அதுவரை இல்லாத நோய் அன்று வந்து சேர்ந்தது.