மலைநாட்டுக் குளிரில் சிறுத்தைப் பல்லி: முதன்முறை வளர்ப்போர் அறிய வேண்டியவை

கொழும்பில் வேலை செய்யும் எங்கள் தோட்டத்துப் பிள்ளைகள் தீபாவளிக்கு ஊர் திரும்பும்போது உடுப்பும் இனிப்பும் கொண்டுவருவார்கள். இப்போது சிலர் வளர்ப்புப் பிராணிகளையும் கொண்டுவருகிறார்கள். அண்ணனின் மகன் அப்படிக் கொண்டுவந்ததுதான் எங்கள் வீட்டு 'லெப்பர்ட் கெக்கோ' எனும் சிறுத்தைப் பல்லி. அவன் கொழும்புக்குத் திரும்பிவிட்டான். பல்லி பண்டாரவளைக்குப் பக்கத்தில் என்னோடு இருக்கிறது. இதை வாங்கலாமா என்று இப்போது பலர் என்னிடம் கேட்கிறார்கள். நல்ல பராமரிப்பில் இது 15 முதல் 20 வருடம் வரை வாழும். ஆகவே பிள்ளை படிப்புக்கோ வேலைக்கோ போன பிறகு இதை யார் பார்ப்பது என்பதைத்தான் நான் முதலில் கேட்பேன்.

பெயரைக் கேட்டு யாரும் பயப்படத் தேவையில்லை. மஞ்சள் உடம்பில் கறுப்புப் புள்ளிகள் இருப்பதால் வந்த பெயர் அது. வளர்ந்தாலும் 20 முதல் 25 சென்றிமீற்றர்தான் இருக்கும். எட்வர்ட் பிளைத் என்ற விலங்கியலாளர் 1854இல் இதற்கு விஞ்ஞானப் பெயர் வைத்தார். ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், வடமேற்கு இந்தியா ஆகிய இடங்களின் வறண்ட கற்பாறை நிலங்கள்தான் இதன் சொந்த ஊர். நம் வீட்டுப் பல்லிபோல் இது சுவரில் ஏறாது, விரலில் ஒட்டும் தன்மை கிடையாது. வீட்டுப் பல்லிக்கு இல்லாத இமை இதற்கு உண்டு. கண்ணை மூடித் தூங்கும். எங்கள் அம்மா இன்னமும் பல்லி சாத்திரப்படி இது எந்தத் திசையில் சத்தம் போடுகிறது என்று காது கொடுக்கிறார். இது பெரும்பாலும் சத்தமே போடுவதில்லை.

ஊவாவில் இதை வளர்ப்பவருக்குப் பிரதான பிரச்சினை குளிர்தான். பதுளை நகரம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 680 மீற்றர் உயரத்தில் இருப்பதால் அங்கு ஓரளவு சமாளிக்கலாம். பண்டாரவளை 1,200 மீற்றருக்கு மேல், அப்புத்தளை அதற்கும் மேல். வடகீழ் பருவமழை தொடங்கினால் லயத்து அறைகளில் ஈரமும் குளிரும் சேர்ந்துகொள்ளும். ஊர்வனவற்றின் உடம்பு தானாகச் சூடு உண்டாக்காது. சூடு இல்லாவிட்டால் தின்றது செரிக்காது. இரை வயிற்றிலேயே கெட்டுப்போகும். பல்லி மெல்ல மெல்ல மெலியும். வாங்கியவருக்கு வாரக்கணக்கில் எதுவும் தெரியாது.

ஆகவே பெட்டியின் ஒரு பக்கம் சூடாகவும் மறுபக்கம் குளிர்ச்சியாகவும் இருக்க வேண்டும். சூடான பக்கத்தில் தரை 31 முதல் 33 பாகை செல்சியஸ், மறுபக்கம் 24 முதல் 26 பாகை. பல்லியே தனக்கு வேண்டிய இடத்தைத் தேர்ந்துகொள்ளும். பெட்டியின் மூன்றில் ஒரு பங்குக்கு அடியில் 'ஹீட் மேட்' எனும் சூடேற்றும் விரிப்பை வைத்து, அதைக் கட்டாயம் தெர்மோஸ்டாட்டில் இணைக்க வேண்டும். இல்லாவிட்டால் வயிறு வெந்துபோகும். கையால் தொட்டு அளவு பார்க்க முடியாது, வெப்பமானி வேண்டும். என் கணக்கில் பல்லியின் விலையைவிட இந்தச் சாமான்களுக்குத்தான் முதலில் பணம் ஒதுக்க வேண்டும். இரண்டுக்கும் சேர்த்து வசதி இல்லையென்றால் வாங்காமல் இருப்பதே நல்லது.

மின்சாரம் போனால் என்ன செய்வது? 2022 மார்ச் இறுதியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். மீன் வியாபாரிகளிடம் கிடைக்கும் ரெஜிபோம் பெட்டி ஒன்றைக் கழுவிக் காயவைத்து, காற்றுக்கு இரண்டு மூன்று துளை போட்டு வைத்திருங்கள். போத்தலில் சுடுநீர் நிரப்பித் துவாயால் நன்றாகச் சுற்றி ஒரு ஓரத்தில் வைத்து, பல்லியின் சிறிய பெட்டியை மறு ஓரத்தில் வைத்தால் பல மணித்தியாலம் தாங்கும். மின்சாரம் வரும்வரை இரை கொடுக்க வேண்டாம். சூட்டுக்கென்று விறகடுப்புக்குப் பக்கத்தில் வைக்கவே கூடாது, புகை ஆகாது. அறையில் நுளம்புத்திரி கொளுத்துவதையும் தவிர்க்க வேண்டும்.

இரை உயிருள்ள பூச்சிதான். சோறு, பழம், கீரை எதுவும் தின்னாது. சில்வண்டு, வளர்ப்புக் கரப்பான், கடைகளில் விற்கும் மீல்வேர்ம் புழு ஆகியவை பொருத்தமானவை. குட்டிக்குத் தினமும், வளர்ந்ததற்கு வாரத்தில் இரண்டு மூன்று தடவை போதும். பூச்சியின் பருமன் பல்லியின் இரு கண்களுக்கு இடைப்பட்ட தூரத்தை மிஞ்சக்கூடாது. கல்சியம் தூளும் விட்டமின் டி3யும் பூச்சியில் தூவிக் கொடுக்காவிட்டால் எலும்பு மெலிந்து கால் வளைந்துவிடும். தேயிலை மலையில் பிடித்த பூச்சியை மட்டும் போடாதீர்கள். மருந்தடித்த கொழுந்தைத் தின்ற பூச்சி எது என்று பார்த்துச் சொல்ல யாராலும் முடியாது. மின்மினியும் வேண்டாம், அதன் நஞ்சு பல்லியினத்தைக் கொல்லக்கூடியது.

வால் தடிப்பாக இருந்தால் நல்ல உடல்நிலை. கொழுப்பை அங்கேதான் சேமிக்கிறது. வாலைப் பிடித்துத் தூக்கினால் கழன்றுவிடும். மீண்டும் முளைக்கும், ஆனால் பழைய வடிவம் வராது. தரைக்கு மணல் போடாமல் கடதாசித் துண்டு விரிப்பது நல்லது, ஏனென்றால் விழுங்கிய மணல் குடலை அடைக்கும். ஒளிந்துகொள்ள இரண்டு பக்கமும் சிறு மறைவிடம், கூடவே ஈரத்துணி வைத்த ஒரு மூடிய டப்பா. ஜூலை, ஆகஸ்ட் மாதங்களின் உலர்காற்றில் தோல் சரியாகக் கழலாமல் விரல்களில் இறுகி, விரலே உதிர்ந்துபோகலாம். அந்த டப்பா அதற்காகத்தான். இரண்டு ஆண்களை ஒன்றாக விட்டால் கடித்துக்கொள்ளும்.

77, 83 வன்செயல்களுக்குப் பின் வன்னிக்குப் போய்க் குடியேறிய எங்கள் உறவுகளும் தொலைபேசியில் இதைப் பற்றிக் கேட்கிறார்கள். அவர்களுக்கு நான் சொல்வது நேர்மாறானது. கிளிநொச்சியில் தகரக் கூரைக்குக் கீழே பகலில் சூடேற்றவே தேவையில்லை. பெட்டி முழுவதும் 35 பாகையைத் தாண்டினால் ஒதுங்க இடமின்றிப் பல்லி இறந்துபோகும். நிழலான மண்சுவர்ப் பக்கம், தரையோடு வைப்பதே அங்கு நல்லது.

வாங்குமுன் இறக்குமதி அனுமதிப் பத்திரத்தைக் கேளுங்கள். வெளிநாட்டு ஊர்வனவற்றை அனுமதியின்றிக் கொண்டுவர முடியாது. இது கிடைக்கவில்லையென்று ஒஹிய பக்கத்துக் காட்டில் மூக்கில் கொம்புள்ள ஓணானைப் பிடித்துவரப் பிள்ளைகளை விடாதீர்கள். அது இலங்கையில் மட்டுமே வாழும் இனம். 1937ஆம் ஆண்டின் தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் அதைப் பாதுகாக்கிறது.

ஊர்வனவற்றின் உடம்பில் சல்மொனெல்லா கிருமி இருக்கக்கூடும். தொட்டபின் சவர்க்காரம் போட்டுக் கை கழுவ வேண்டும், பெட்டியைச் சமையலறையில் கழுவக்கூடாது. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளிடம் கொடுக்கவே கூடாது. இரை எடுக்காமல் வால் மெலிந்துகொண்டே போனால், பேராதனைப் பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவ பீடத்தின் போதனா வைத்தியசாலைக்குக் கொண்டுபோகலாம். பயணத்தின்போது அந்த ரெஜிபோம் பெட்டியும் சுடுநீர்ப் போத்தலும் கையில் இருக்கட்டும்.