'ஷெட்யூல்டு காஸ்ட்': ஒரு பெயரின் பூர்வீகம்

ஊரின் பெயரிலேயே சாதிப் பட்டம் ஒட்டியிருக்கும் இடம் நம் முதலியார்பேட்டை. அந்தப் பட்டத்திடம் யாரும் ஆதாரம் கேட்டதில்லை. ஆனால் எஸ்.சி. சான்றிதழுக்குப் போகும் நம் பிள்ளைகளிடம் மட்டும், 1964இல் தாத்தா எங்கே குடியிருந்தார் என்று பூர்வீகம் கேட்கிறார்கள். அந்தப் பெயரின் பூர்வீகத்தை நாம் கேட்போமா தோழர்களே?

'காஸ்ட்' என்பது போர்ச்சுகீசியச் சொல்லான 'காஸ்தா'விலிருந்து வந்தது. இனம், வம்சம் என்று பொருள். இங்கே வந்த போர்ச்சுகீசியர் சாதிக்கு அந்தப் பெயரை வைத்தார்கள். 'ஷெட்யூல்' லத்தீனில் சிறு தாள் துண்டைக் குறித்தது. பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய், சட்டத்தின் பின்னால் சேர்க்கும் பட்டியலுக்குப் பெயரானது.

1932 பூனா ஒப்பந்தத்தில் நம் பெயர் 'டிப்ரஸ்டு கிளாசஸ்'. அது இழிவான பெயர், மாற்றுங்கள் என்று வட்டமேசை மாநாட்டுக் காலத்திலேயே அண்ணல் அம்பேத்கர் கேட்டிருந்தார். 1935 இந்திய அரசுச் சட்டம் கொடுத்ததோ 'ஷெட்யூல்டு காஸ்ட்ஸ்'. 1936இல் மாகாணவாரியாகப் பட்டியல் வந்தது. அண்ணல் அந்தப் பெயரையே அரசியல் ஆயுதமாக்கி, 1942இல் ஷெட்யூல்டு காஸ்ட்ஸ் ஃபெடரேஷனைத் தொடங்கினார்.

அப்போது புதுச்சேரி பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. இங்கே அந்தப் பட்டியல் செல்லாது. 1954 நவம்பர் 1இல் நிர்வாகம் கைமாறியது. 1962இல் இணைப்பு சட்டப்படி நிறைவேறியது. 1964இல்தான் புதுச்சேரிக்கான குடியரசுத் தலைவர் ஆணை வந்தது. பட்டியலில் உள்ள சாதிகளைச் சேர்ந்த, இங்கு 'வசிப்போர்' என்கிறது ஆணை. வசிப்பவர் என்றால் பூர்வீகக் குடியா, பிழைக்க வந்தவருமா? இந்த ஒரு சொல்லுக்காக வழக்குகள் உச்ச நீதிமன்றம் வரை போயின. மதம் பற்றிய நிபந்தனையோ, கிறித்தவரான நம் உறவுகளை வெளியே நிறுத்துகிறது. ஒரே தெரு, ஒரே இழிவு. பட்டியலில் மட்டும் இடமில்லை.

இந்தப் பெயரில் தீண்டாமை இல்லை, அதைச் செய்தவர்கள் இல்லை, நம் உழைப்பும் இல்லை. இருப்பது தாள் மட்டுமே. ஆனால் படிப்பும் வேலையும் 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பும் அந்தத் தாளில்தான் தொங்குகின்றன. 'தலித்' என்பது நாம் எடுத்துக்கொண்ட பெயர், 'எஸ்.சி.' சட்டம் தந்த பெயர். முதலாவது நம் குரல், இரண்டாவது நம் உரிமைச் சீட்டு. இரண்டையும் விடக்கூடாது.

1964 ஆணை சிறியதுதான். அடுத்த படிப்பு வட்டத்தில் வரி வரியாகப் படிப்போம். வாசகம் தெரிந்தவரை அலுவலக வாசலில் சுலபமாகத் திருப்பி அனுப்ப முடியாது.

ஜெய் பீம்!