ஒரு காருக்கு ரெண்டு மூக்கு: கேபின் ஃபில்டரின் கதை



ஒரு காருக்கு ரெண்டு மூக்கு இருக்கு. ஒண்ணு, என்ஜின் மூச்சு விடுறதுக்கு. இன்னொண்ணு, உள்ள உக்காந்திருக்கிற நமக்கு. ரெண்டுக்கும் தனித்தனியா ஃபில்டர் உண்டு. என்ஜினோட ஏர் ஃபில்டரை எல்லாருக்கும் தெரியும். நம்ம மூக்குக்கான கேபின் ஃபில்டர் பெரும்பாலான கார்கள்ல க்ளவ் பாக்ஸுக்குப் பின்னாடி ஒளிஞ்சு கிடக்கும். கார் வாங்கி நாலு வருஷம் ஆகியும் அப்படி ஒண்ணு இருக்குன்னே தெரியாதவங்க நிறைய பேர்.

இந்த ரெண்டு மூக்குல எதுக்கு முதல்ல ஃபில்டர் கிடைச்சது? என்ஜினுக்குத்தான். நமக்கு அது பரவலா வந்து சேர இன்னும் முக்கால் நூற்றாண்டு ஆச்சு. ஏன் அவ்வளவு தாமதம்ங்கிறதுதான் இன்னைக்குக் கதை.

ஒளிக்கீற்றில் தெரிஞ்ச தூசி

கார் பிறக்கறதுக்கு முன்னாடி இருந்தே ஆரம்பிக்கணும். 1854-ல் லண்டன்ல ஜான் ஸ்டென்ஹவுஸ் என்ற வேதியியலாளர் மரக்கரியை வைத்து ஒரு சுவாசக் கவசம் செய்தார். கெட்ட வாயுக்களைக் கரி பிடிச்சு வச்சுக்கும் என்பதுதான் அடிப்படை. அதே கொள்கைதான் இன்னைக்குக் கடையில் கொஞ்சம் கூடுதல் விலைக்கு விக்கிற ‘ஆக்டிவேட்டட் கார்பன்’ ஃபில்டரிலும் வேலை செய்யுது.

அடுத்து ஜான் டிண்டால். வானம் ஏன் நீலமா இருக்குன்னு ஆராய்ஞ்ச அதே இயற்பியலாளர்தான். இருட்டு அறைக்குள்ள ஒரு ஒளிக்கீற்றைப் பாய்ச்சினா அதுல தூசி மினுமினுன்னு மிதக்கும், இல்லையா? ஓட்டு வீட்டில் வளர்ந்தவங்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். டிண்டால் அந்தக் கீற்றுக்குள்ள தன் மூச்சை மெதுவா ஊதிப் பார்த்தார். முதலில் வந்த காற்றில் தூசி மினுங்கியது. மூச்சின் கடைசிப் பகுதி, அதாவது நுரையீரலின் ஆழத்திலிருந்து வந்த காற்று, கீற்றின் நடுவே கரும் ஓட்டை மாதிரி தெரிஞ்சது. அதில் தூசியே இல்லை!

யோசிச்சுப் பாருங்க. உள்ளே போன காற்றில் தூசி இருந்தது, வெளியே வந்த காற்றில் இல்லை. அப்போ தூசி எங்க போச்சு? உள்ளேயே தங்கிடுச்சு. ஃபில்டர் இல்லாத இடத்துல நுரையீரல்தான் ஃபில்டர். அதைக் கழட்டி மாத்த ஸ்பேர் பார்ட் கிடையாது.

டிண்டால் இதோட நிக்கலை. 1870-களின் தொடக்கத்தில், கிளிசரின் தடவின பஞ்சையும் கரியையும் அடுக்கி, தீயணைப்பு வீரர்களுக்காக ஒரு சுவாசக் கவசம் வடிவமைத்தார். ஆக, தூசியைத் தடுக்கும் அறிவு கார் வருவதற்கு முன்பே தயாரா இருந்தது.

1915

1915-ஆம் வருஷத்துல ரெண்டு விஷயம் நடந்தது.

ஏப்ரல் 22 அன்று பெல்ஜியத்தின் ஈப்ரு நகருக்கு அருகே ஜெர்மானியப் படை குளோரின் வாயுவைத் திறந்து விட்டது. அதற்குப் பிறகு விஷவாயு முகமூடி தயாரிப்பு அவசர வேலை ஆனது. அதே வருஷம் ரஷ்யாவில் நிக்கொலாய் ஸெலின்ஸ்கி கரியை வைத்து முகமூடி உருவாக்கினார்.

இன்னொரு பக்கம், அமெரிக்காவின் மினசோட்டாவில் ஃபிராங்க் டொனால்ட்சன் என்பவர் டிராக்டர் என்ஜினுக்கு ஏர் கிளீனர் செய்து, அதையே தொழிலாக்கினார். உழும்போது கிளம்புற புழுதி என்ஜினுக்குள்ள போனா, பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் நடுவே உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிற மாதிரி. என்ஜின் சீக்கிரமே தேய்ஞ்சுடும், விவசாயி விற்றவரிடம் சண்டைக்கு வருவார்.

இங்கதான் விஷயம் இருக்கு. என்ஜின் கெட்டுப் போனா பில் உடனே வரும், யார் கட்டணும்ங்கிறதும் தெளிவாத் தெரியும். அந்த டிராக்டர் மேல உக்காந்து அதே புழுதியைச் சுவாசிச்ச விவசாயியின் நுரையீரலுக்கு பில் இருபது வருஷம் கழிச்சு வரும். அதை அவரேதான் கட்டணும். அதனால என்ஜினுக்கு ஃபில்டர் கிடைச்சது, அவருக்குத் தோள்துண்டுதான்.

ஃப்ரிட்ஜ் கம்பெனியும் கார் கம்பெனியும்

பயணிகளின் காற்றை முதலில் யோசித்தவர்களில் நாஷ் மோட்டார்ஸ் முக்கியமானது. 1937-ல் இது கெல்வினேட்டரோடு இணைந்தது. ஆமாம், நம்ம ஊர் பழைய ஃப்ரிட்ஜ் மேல பார்த்திருப்பீங்களே, அதே கெல்வினேட்டர்தான். அடுத்த வருஷமே, 1938-ல், வெளிக்காற்றை இழுத்து, வடிகட்டி, சூடாக்கி உள்ளே அனுப்பும் அமைப்பைக் கொண்டு வந்தார்கள். பின்னாடி இதுக்கு ‘வெதர் ஐ’ என்று பெயர். உள்ளே காற்றழுத்தம் சற்று அதிகமா இருந்ததால், கதவு இடுக்கு வழியாவும் தூசி நுழையறது குறைஞ்சது.

ஆனா ஹீட்டர் பரவின வேகத்தில் ஃபில்டர் பரவலை. பல பத்தாண்டுகளுக்குக் காருக்குள்ள காற்றுன்னா ஜன்னலைத் திறக்கிறதுதான். நம்ம அம்பாசடரை நினைச்சுக்கோங்க: பானெட்டுக்குள்ள என்ஜினுக்கு ஏர் கிளீனர் இருக்கும். நமக்கு? முன்பக்கம் ஒரு முக்கோணக் கண்ணாடி. அதைத் திருப்பினா காற்று முகத்துல அடிக்கும், முன்னாடி போற லாரியோட புகையும் சேர்த்து.

தோல் பதனிட்டவர்கள் செய்த வலை

நடுவில், 1940-களில், அணுகுண்டுத் திட்டத்துக்காக அமெரிக்காவில் கதிரியக்கத் துகள்களைப் பிடிக்கும் ஃபில்டர்கள் உருவாயின. அதன் வாரிசுதான் ஹெபா ஃபில்டர். வேதியியலாளர் இர்விங் லாங்மூர் ஒரு வினோதத்தைக் கணக்குப் போட்டுக் காட்டினார்: பிடிக்கவே கஷ்டமானது ரொம்பச் சின்னத் துகள் இல்லை, சுமார் 0.3 மைக்ரான் அளவுள்ள நடுத்தரத் துகள்தான்.

ஏன்னா ஃபில்டர் என்பது டீ வடிகட்டி மாதிரி இல்லை, ஒட்டடை மாதிரி. பெரிய துகள் காற்றோட வளைஞ்சு போக முடியாம இழையில் நேரா மோதும். மிகச் சின்னது தள்ளாடித் தள்ளாடிப் போய் எங்கயாவது ஒட்டிக்கும். ரெண்டும் செய்யாத நடுத்தரத் துகள்தான் நழுவும்.

அந்த இழை வலைக்கு வேற ஒரு வழியும் உண்டு. ஜெர்மனியின் வைன்ஹைம் நகரில் 1849-ல் தோல் பதனிடும் ஆலையாகத் தொடங்கியது ஃப்ராய்டன்பெர்க் நிறுவனம். 1930-களில் செயற்கைத் தோல் செய்யும் முயற்சியில், நெய்யாமல் இழைகளை ஒட்டியே துணி ஆக்கும் வேலையில் இறங்கினார்கள். அதிலிருந்துதான் வீடு துடைக்கும் ‘விலேடா’ துணி வந்தது. ‘தோல் மாதிரி’ என்பதற்கான ஜெர்மன் சொற்களிலிருந்து பிறந்த பெயர் அது. நெய்யாத துணியில் இருந்தே ஃபில்டரும் வந்தது. 1980-களின் கடைசியில் ஜெர்மன் சொகுசு கார்கள்ல கேபின் ஃபில்டர் நுழைந்தது. 1991-ன் மெர்சிடிஸ் எஸ் கிளாஸில் கரி ஃபில்டரும் வந்தது. 1993-ல் ஆறு அமெரிக்க நகரங்களை ஒப்பிட்ட ஹார்வர்ட் ஆய்வு, நுண்துகள் அதிகமுள்ள ஊர்களில் இறப்பு விகிதமும் அதிகம்னு காட்டியது. 1997-ல் அமெரிக்கா 2.5 மைக்ரான் துகளுக்கு முதன்முதலா வரம்பு விதித்தது. நுரையீரலோட பில்லை அப்போதான் அரசாங்கம் கையில் எடுத்துப் பார்க்க ஆரம்பிச்சது.

ஊதினா போதுமா?

இப்போ நடைமுறைக்கு வருவோம். “புதுசு எதுக்கு சார், ஏர் அடிச்சா போதும்”னு சொல்வாங்க. பல கேபின் ஃபில்டர் இழைகளில் நிலைமின்னூட்டம் இருக்கும். என்95 முகக்கவசத்துல இருக்கிற அதே உத்தி. கண்ணுக்குத் தெரியாத துகளை அந்த மின்னூட்டம் இழுத்துப் பிடிக்கும். தூசி படியப் படிய அதன் பலம் குறையும், சோப்புத் தண்ணியில் அலசினாலும் போயிடும். அழுத்தக் காற்று மேலே இருக்கிற இலை, மண்ணை மட்டும் தள்ளும். நுண்துகள் உள்ளேயே இருக்கும், இழையும் கிழியலாம். ஃபில்டர் பார்க்க வெள்ளையாகும், வேலை செய்யாது.

அதனால மேனுவல்ல போட்டிருக்கிற இடைவெளியில் மாத்திடுங்க. புழுதி ரோட்டுல ஓடுற வண்டிக்கு இன்னும் சீக்கிரமாவே. புதுசை மாட்டும்போது காற்று போகும் திசையைக் காட்டும் அம்புக்குறியைப் பாருங்க. துவைக்கலாம்னு தயாரிப்பாளரே எழுதியிருந்தா மட்டும் துவைங்க.

இன்னொண்ணு. ஏர் அடிக்கிறப்போ கிளம்புற தூசி எங்க போகுது? கம்ப்ரசர் குழாயைப் பிடிச்சுக்கிட்டு, முகத்துல ஒண்ணுமே கட்டாம நிக்கிற அந்தப் பையனோட மூக்குக்கு. ஒரு வருஷமா நம்ம குடும்பத்துக்குப் போகாம அந்த ஃபில்டர் பிடிச்சு வச்ச அத்தனையும் அரை நிமிஷத்துல அவனுக்கு. இப்படி ஒரு நாளைக்கு எத்தனை கார்! ஃபில்டர் தூசியை அழிக்கிறதில்லை, பிடிச்சு மட்டும்தான் வைக்கும். அதை மறுபடி காத்துல விட்டா டிண்டால் பார்த்த மாதிரிதான்: யாரோ ஒருத்தரோட நுரையீரல் ஃபில்டர் ஆகணும்.

புதுசு சில நூறு ரூபாய். பழசை ஒரு கவர்ல போட்டுக் கட்டி குப்பையில் போடச் சொல்லுங்க. “ஏர் அடிக்க வேண்டாம் தம்பி, மாத்திடு”ன்னு ஒரு வார்த்தை. 1915-ல டிராக்டர் மேல உக்காந்திருந்த அந்த விவசாயிக்கு யாரும் சொல்லாத வார்த்தை அது.