கை மாறிய பேனா

பார்வையற்றவர் வாயால் விடை சொல்வார். பக்கத்தில் இருப்பவர் அதைத் தாளில் எழுதுவார். தமிழ்நாட்டுத் தேர்வறைகளில் அவருக்குச் 'சொல்வதை எழுதுபவர்' என்று பெயர். எத்தனை நேர்த்தியான பெயர்! விடை யாருடையது என்பதை அதுவே சொல்லிவிடுகிறது.

ஆனாலும் அந்தப் பேனாவின் மீது சந்தேகம் விலகவில்லை. எழுதுபவரே விடை சொல்லிக் கொடுத்துவிட்டால்? இந்தப் பயத்தைச் சுற்றியே விதிகள் வளர்ந்தன.

2013 பிப்ரவரியில் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதல்கள் பெரிய திருப்பம். எழுதுபவரின் படிப்பு, மதிப்பெண், வயது எதற்கும் தடை கூடாது. மணிக்கு 20 நிமிடமாவது கூடுதல் நேரம் வேண்டும் என்றன. 2018-இல் பயம் திரும்பியது: தேர்வர் தாமே அழைத்துவருபவர் அவரைவிட ஒரு படி குறைவாகப் படித்திருக்க வேண்டும் என்றானது.

அதே 2018-இல் குடிமைப்பணித் தேர்வெழுத வந்த ஒருவருக்கு எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும். எழுதுபவரைக் கேட்டார், மறுக்கப்பட்டது. மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் 40 சதவீத ஊன வரையறைக்குள் அவர் வரவில்லையாம். எழுத முடியாத கைக்குச் சதவீதக் கணக்கு பார்ப்பது கொடுமை. 2021 பிப்ரவரி 11 அன்று உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது: எழுதுபவரைப் பெற 40 சதவீத ஊனம் நிபந்தனை ஆகாது.

2022 ஆகஸ்டில், 40 சதவீதத்துக்குக் கீழ் உள்ளவர்களுக்கென்றே தனி வழிகாட்டுதல்கள் வந்தன.